மாப்பிள்ளை இங்கே தங்கவில்லை

எங்கள் தெருவில் ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்பதைக் கெட்ட வார்த்தையாகத்தான் சொல்வார்கள். மாமியார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு கிடக்கிறவன் என்று அர்த்தம். தென்காசியில் இருக்கும் அந்தத் தெருவுக்குத்தான் என் தலைப்பிரசவத்துக்காக வந்து இறங்கினோம், நானும் போலந்துக்காரரான என் கணவரும். பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவது முறை. புருஷனையும் கூட்டி வந்து மாசக்கணக்கில் உட்காரவைப்பது எந்த ஊர் முறை என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அப்பா இல்லாத வீடு வேறு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் போய்விட வேண்டும் என்பதற்காக அல்ல. அம்மாவுக்கு மருமகன் மேல் உயிர். முள்ளில்லாத மீன் துண்டாகப் பொறுக்கி அவர் தட்டில்தான் வைப்பாள். அவர் மரியாதை தெருவில் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். மாப்பிள்ளை குற்றாலத்தில் லாட்ஜில் தங்கியிருக்கிறார், பகலில் மட்டும் வந்து போகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். சாயங்காலம் ஆனதும் அவர் கையில் துண்டையும் பையையும் கொடுத்து வாசல் வழியாக அனுப்புவாள். அவரும் பஸ் ஏறிப்போய் அருவியில் குளித்துவிட்டு, இருட்டிய பிறகு கொல்லைச் சந்து வழியாக வந்து படுத்துக்கொள்வார். இது ஏதோ தமிழ்ச் சடங்கு என்று அவருக்கு நினைப்பு. சீசன் நேரம், அருவியில் தண்ணீரும் நன்றாக விழுந்தது, மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

சிரிக்க முடியாத காரியம் ஒன்றும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய விசா, டாக்டர் சொன்ன பிரசவத் தேதிக்கு முன்பே முடிகிறது. நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பித்திருந்தோம். நாங்கள் புருஷன் பெண்சாதியாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோமா என்று போலீஸ் வந்து பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். அது சரியாகப் போகவில்லையென்றால் அவர் விமானம் ஏற வேண்டியதுதான். நான் கூடப் போக முடியாது, இனி விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. என் பிள்ளை பிறக்கையில் அதன் அப்பா எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அங்கே மட்டும் என்ன வாழ்ந்ததாம்? போலந்தில் எனக்குக் குடியிருப்பு அனுமதி கேட்டபோது எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம் என்று இரண்டு அரசாங்கத்துக்கும் மாறிமாறி நிரூபிப்பதிலேயே எங்கள் குடித்தனம் போகிறது.

போலீஸ்காரர் வந்த நேரம் நாங்கள் ஸ்கேனுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். முகத்தில் அப்படியொரு வெற்றி.

“மாப்பிள்ளையைத் தேடி போலீஸ் வந்துச்சு ஏட்டி. நான் விட்டுக்குடுப்பனா? அவுக இங்கன தங்கலை சார், குத்தாலத்துல லாட்ஜ் எடுத்திருக்காக, சும்மா வந்துட்டுப் போவாகன்னு சொல்லிட்டேன். தெருவுலயும் விசாரிச்சாரு. எல்லாரும் அதையேதான் சொன்னாங்க.”

பாவி, குடியைக் கெடுத்தியே என்று கத்தினேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போலீஸ் வந்து கேட்டால் குடும்ப மானத்தைக் காப்பாற்றித்தானே பேச வேண்டும்?

போலீஸ்காரர் விட்டுப்போன நம்பருக்குப் பேசினேன். குற்றாலத்தில் விசாரித்துவிட்டாராம், எந்த லாட்ஜிலும் இவர் பெயர் இல்லையாம். அப்படியென்றால் பதிவு செய்யாத இடத்தில் ராத்தங்குகிறார், அது தனிக் குற்றம் என்றார். சாயங்காலம் அறிக்கை போய்விடும். அம்மா சொன்னது தப்பு என்றால் அந்த அம்மாவே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கட்டும், தெருவில் இரண்டு பேர் சாட்சிக்கு வரட்டும் என்று போனை வைத்துவிட்டார்.

சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? தெருவே அம்மாவின் கதையைத்தான் ஒப்பித்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் கணவர் போனை எடுத்து டிக்கெட் தேட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் போனில் விமானப் படம் தெரிந்தது. சேலையைக்கூட மாற்றாமல் படி இறங்கினாள்.

நேரே எதிர் வீட்டுக்குப் போனாள். எனக்குப் பகீரென்றது. அந்த வீட்டு மருமகன் வேலை போய் அவர்களோடு வந்து இருந்தபோது, அம்மா வீட்டோட மாப்பிள்ளை என்று குத்திப் பேசி, அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வாசலில் நின்றுகொண்டு, தெரு கேட்க, என் மருமகன் என் வீட்டில்தான் இருக்கிறார், நான் சொன்னதெல்லாம் பொய், வந்து சாட்சி சொல்லுங்கள் மதினி என்று கேட்டாள். அந்த வீட்டு மதினி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டுட்டு எம் மருமகன் மூணு நாள் சாப்பிடலை, தெரியுமா உனக்கு?” என்றாள். அம்மா தெரியும் என்று தலையாட்டினாள். மதினி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருமுனைக் கடை அண்ணாச்சியையும் அவளே கூப்பிட்டாள்.

ஸ்டேஷனில் அந்தப் போலீஸ்காரர், முதலில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். அம்மா தலை குனியவில்லை.

“பொய்யின்னு நினைச்சுச் சொல்லலை சார், மரியாதைன்னு நினைச்சுச் சொன்னேன். அவுக எங்க வீட்டோடதான் இருக்காக. எழுதிக்கிடுங்க.”

அம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிகளும் போட்டார்கள். போலீஸ்காரர் அதை நிதானமாகப் படித்தார், என் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று அறிக்கை அனுப்பிவிடுகிறேன், நீட்டிப்பு கிடைத்துவிடும், போய் வாருங்கள் என்றார். கணவர் சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமியார் கையை மருமகன் பிடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனாலும் அம்மா கையை விலக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது எனக்கு வாய் ஓயவில்லை. பிரசவம் முடிந்ததும் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், குளிர் வருவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், பிள்ளைக்கு அந்த ஊர்க் குளிர் பழக வேண்டுமே என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மா வெளியே தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுகளை இங்கன வச்சிக்கிட எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க,” என்றாள். “உன்னை அங்கன கூட்டிட்டுப் போகையில எங்கிட்ட ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கலையே ஏட்டி.”