கொடிமலைக்குப் போன அண்ணன்

பூலாம்பாடிக்காரர்களுக்கு மலேசியா வெளிநாடு இல்லை, அடுத்த தெரு மாதிரி. தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது ஒருத்தர் அங்கே இருப்பார், இல்லையென்றால் இருந்துவிட்டு வந்திருப்பார். ஆனால் பழனிவேல் ஐம்பத்தெட்டு வயது வரை பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த தூரமெல்லாம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவில் இருந்த தூரம்தான். அதை டிப்பர் லாரியில் முப்பது வருஷம் போய் வந்தார். கூலி வேலை செய்த அப்பனுக்குப் பிறந்து, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக ஒரு லாரியும் வாங்கினார். அவர் செய்த சாதனை என்று கேட்டால் அதைச் சொல்ல மாட்டார். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததைத்தான் சொல்வார்.

தங்கச்சி மணிமொழி. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. லாரியில் கிளீனராக இருந்த காசில் அவளைப் படிக்கவைத்து, பூலாம்பாடியில் பூர்வீகம் உள்ள அண்ணாதுரை என்ற பினாங்குக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார். அண்ணாதுரைக்குப் பினாங்கில் கொடிமலை ரயிலில் வேலை. அது செங்குத்தான மலையில் கம்பியால் இழுத்து ஏற்றுகிற ரயில். மேலே போனால் தீவு முழுக்கத் தெரியும், கடல் தெரியும், கடல்மேல் போகிற பாலம் தெரியும். அதைப் பார்க்கவே உலகத்து ஜனமெல்லாம் வரிசையில் நிற்கும். "ஒரு தடவ வாண்ணே, அவுரு கூடவே வந்து எல்லாம் காட்டுவாரு" என்று மணிமொழி போன் பண்ணும்போதெல்லாம் கூப்பிடுவாள். லாரிக்கு டயர் மாத்தணும், பையன் காலேஜ் முடிக்கட்டும், மழை வரட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பழனிவேலுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. சாக்குக்கு என்ன பஞ்சமா.

போன ஐப்பசியில் அண்ணாதுரை மாரடைப்பில் போய்விட்டார். அந்த நேரம் பழனிவேலுக்குப் பாஸ்போர்ட் இல்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும், அண்ணன் கையால் போடவேண்டும் என்பது ஊர் வழக்கம். அண்ணன் இருந்தும் வரவில்லை என்றால் அவளுக்குப் பின்னால் ஆள் இல்லை என்றுதான் நாலு பேர் நினைப்பார்கள். கருமாதியன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் அண்ணன் ஸ்தானத்தில் நின்று கோடி போட்டார். பழனிவேல் அதை வீடியோ காலில் பார்த்தார். மணிமொழி தலை நிமிரவே இல்லை. அன்றைக்கு அவர் அழுத அழுகையைப் பெண்டாட்டி குஞ்சம்மாள்கூட அதற்கு முன்னே பார்த்ததில்லை.

மறு வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார். பெரம்பலூருக்குப் போய் ஒரு சேலையும் எடுத்தார். தாமதமானாலும் சரி, நேரில் போய் அதைத் தங்கச்சி தோளில் போட்டு, துக்கம் கேட்டுவிட்டு வந்தால்தான் தான் அண்ணன் என்று அவர் மனசு சொன்னது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அறிவரசன் அப்போதுதான் கூப்பிட்டான். அப்பா அம்மாவைச் சுற்றிக் காட்ட வேண்டும், சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஒரு பயணம் போட்டிருக்கிறேன், நடுவில் பினாங்கில் ஒரு பகல் நிற்கும் என்றான். பழனிவேலுக்கு அது சாமி போட்ட கணக்காகத் தோன்றியது. சேலையைத் துணிகளுக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

சிங்கப்பூர் வீட்டில் கப்பலுக்குப் பெட்டி கட்டும்போது குஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினாள். மருமகள் முத்தமிழ் அப்போது ஐந்து மாத கர்ப்பிணி. போன தடவை உண்டானது மூன்றாம் மாதம் தங்காமல் போயிருந்தது.

"புள்ளத்தாச்சி கூட வர்ற பயணத்துல கோடித்துணிய எடுத்துட்டு வருவீங்களா? மணி எனக்கும் தங்கச்சிதான். அந்தப் பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும். அப்பறம் நாம ரெண்டு பேரும் தனியா போயி காலுல வுழுந்துட்டு வருவோம்."

குஞ்சம்மாள் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். பழனிவேல் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். சேலை சிங்கப்பூர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. பினாங்கில் இறங்கினால் தானாவது தனியாக ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று முதல் நாள் நினைத்தார். வெறுங்கையோடு துக்க வீட்டுக்குப் போவது எப்படி என்று அடுத்த நாள் நினைத்தார். போய்விட்டு வந்து அதே கப்பலில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று அதற்கப்புறம் நினைத்தார். நினைத்து நினைத்தே காரியத்தைக் கெடுக்கிற ஆள்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் இவரைத் தலைவராகப் போடலாம்.

கப்பல் பினாங்கில் நின்றது. சாயங்காலம் கிளம்பிவிடும் என்றார்கள். அத்தை வீட்டுக்குப் போகலாமா என்று அறிவரசன் தனியாகக் கேட்டான். குஞ்சம்மாள், அடுத்த தடவை பார்த்துக்கலாம் தம்பி என்றாள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கடலைப் பார்த்தார். சரி, மலைக்குப் போவோம் என்று வேன் பிடித்தான்.

ரயிலில் ஏறும்போதே பழனிவேலுக்கு அண்ணாதுரை ஞாபகம் வந்தது. அந்த ரயிலில்தான் மச்சான் தினமும் ஏறி இறங்கியிருக்கிறார். காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர் கதவைச் சாத்தினார். அண்ணாதுரையும் இப்படித்தான் சாத்தியிருப்பார். மேலே குளிர்ந்த காற்று. வேலியோரம் கூட்டம் முண்டியடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கீழே சோற்றுப் பருக்கைகளைக் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகக் கட்டடங்கள், அதற்கு அப்பால் கடல், கடலோரத்தில் அவர்கள் வந்த கப்பல். நல்ல காட்சி என்பதில் சந்தேகமில்லை. குஞ்சம்மாளே மகனிடம் ஒரு படம் எடுக்கச் சொன்னாள்.

பழனிவேல் கப்பலைப் பார்க்கவில்லை. நேர் கீழே மலையடிவாரத்தில் மஞ்சள் அடித்த அடுக்குமாடிகளைத் தேடினார். மணிமொழி வீடியோ காலில் அடுப்படி ஜன்னலைத் திறந்து காட்டி, அதோ பாருண்ணே மலை, என்பாள். அந்த ஜன்னலிலிருந்து மலை தெரிந்தால் மலையிலிருந்து அந்த ஜன்னல் தெரியத்தானே வேண்டும். மஞ்சள் கட்டடம் மூன்று நான்கு இருந்தன. எது என்று தெரியவில்லை. தான் வளர்த்த பிள்ளையின் வீட்டைத் தூரத்திலிருந்து அடையாளம் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைக்க அவருக்கே அசிங்கமாக இருந்தது.

பொறுக்கமுடியாமல் மகனிடம் போனுக்கு நெட் வாங்கிக்கொண்டு, ஒதுக்குப்புறமாக ஸ்டேஷன் சுவரோரம் போய் அவளைக் கூப்பிட்டார். சாப்பிட்டியா, உடம்பு எப்படி என்று விசாரித்தார். எங்கண்ணே இருக்க என்று கேட்டாள். சிங்கப்பூரில்தான் என்றார். அந்த நேரம் பார்த்து அடுத்த ரயில் புறப்படுகிறது என்று மலாய் மொழியில் ஒலிபெருக்கி சத்தம் போட்டது. அது அவள் காதிலும் விழுந்தது.

"கொடிமலையில நிக்கிறியாண்ணே?" என்றாள் மணிமொழி. "இருவத்தஞ்சு வருசமா அவுரு போன்ல எனக்குக் கேட்ட சத்தம் அது."

பழனிவேல் எல்லாவற்றையும் சொன்னார். கப்பல், மருமகள், போன தடவை கலைந்தது, அலமாரியில் விட்டுவந்த சேலை, எதையும் மறைக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. அண்ணி சொன்னது சரிதான் என்றாள். தானே மேலே ஏறி வந்துவிடுவாள், ஆனால் புருஷன் போய் வருஷம் திரும்பாமல் மலை ஏறக்கூடாது என்று பார்க்கிறாளாம்.

"நீங்க எறங்கி வர்றப்ப கீழ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். நடந்தா பத்து நிமிசம்தான். மூஞ்சிய மட்டும் பாத்துக்கறேண்ணே."

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ம் என்றார்.

இறங்குகிற ரயிலுக்குப் பெரிய வரிசை. நிற்க நிற்கப் பழனிவேல் மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டு வருஷமாக நேரில் பார்க்காத தங்கச்சி. கட்டிப்பிடித்து அழுதுவிடுவாள், தானும் அழுதுவிடுவோம். புதுசாகத் தாலி இழந்தவள் மருமகளுக்கு எதிரில் வந்து நிற்பாள். குஞ்சம்மாள் முகம் எப்படிப் போகும்? நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் பழி யார் தலையில் விழும்? பார்க்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வராமல் இருந்தால் தேவலை என்றும் அதே மனசு அடித்துக்கொண்டது.

கீழே வந்து வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். டாக்சிக்காரர்கள், குடை பிடித்த சீனக் கிழவிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மணிமொழி இல்லை. நேரமாகுதுப்பா என்று அறிவரசன் வேன் கதவைத் திறந்தான். பழனிவேல் ஏறி உட்கார்ந்தார்.

வேன் நகர்ந்ததும், யாரைத் தேடினீங்க மாமா என்று முத்தமிழ் கேட்டாள். பொய் சொல்லும் தெம்பு அவருக்கு இல்லை. தங்கச்சியை என்றார். மணிமொழி அத்தை மலேசியாவில் எங்கேயோ இருக்கிறார் என்ற அளவில்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும், இந்த ஊர் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"அவங்க ஊருக்கே வந்துட்டு மலையப் பாத்துட்டுப் போறமா மாமா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மொதல்ல எறங்கிப் போயிருப்பேனே."

யாரை முன்னிட்டு எல்லாம் நடந்ததோ அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பலாமா என்று முத்தமிழ் கேட்டாள். டிரைவர் கடிகாரத்தைக் காட்டி, இப்போது திருப்பினால் கப்பலைப் பிடிக்க முடியாது என்று தலையாட்டினார்.

கப்பல் கிளம்புவதற்குச் சற்று முன்னால் மேல்தளத்தில் நின்றபோது மணிமொழியே கூப்பிட்டாள். நல்லபடியா கப்பலேறிட்டீங்களா என்றாள். நீ ஏன் வரவில்லை என்று பழனிவேல் கேட்டார். கேட்கும்போதே குரல் கொஞ்சம் அதட்டலாக வந்தது. தப்பைத் தன் பக்கத்திலிருந்து இம்மியளவாவது நகர்த்திவைக்க முடியுமா என்கிற ஆசைதான், வேறொன்றுமில்லை.

"வந்தண்ணே. ஒங்க ரயிலுக்கு முன்னாடியே வந்துட்டேன். புள்ளத்தாச்சிக்கு எதுக்க வரக் கூடாதில்ல, அதான் ரோட்டுக்கு அந்தாண்ட பஸ் ஸ்டாப்புல நின்னேன். மருமவளப் பாத்தேன், லட்சணமா இருக்கா. அண்ணிக்கு முட்டி வலி போல, தாங்கித் தாங்கி நடக்குது. நீ எளச்சிட்ட."

"அங்கருந்து ஒரு சத்தம் குடுக்க வேண்டியதுதானே மணி. நான் ஓடி வந்திருப்பேனே."

"குடுக்கலாம்னுதான் கையத் தூக்கினேன்" என்றாள். "நீ நாலு பக்கமும் பாத்த. நான் இல்லேன்னதும் ஒன் மூஞ்சி தெளிஞ்சிருச்சுண்ணே. அப்பறம் எப்புடிக் கூப்புடறது."

அப்படியெல்லாம் இல்லம்மா என்று சொல்லப் பழனிவேல் வாயைத் திறந்தார். அந்த நேரம் கப்பல் ஊதியது. ஊதுகிற சத்தம் நின்ற பிறகும் அவர் சொல்லவில்லை. மணிமொழி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, சரிண்ணே, நேரத்துக்குச் சாப்பிடு என்று வைத்துவிட்டாள்.