காலிக் கட்டம்

முன்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த டைப்பக்கா அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஊரில் கலவரப் பேச்சு கிளம்பியதால் கடையை மூடி இரண்டு நாளாகிறது. நடுப்பகலிலேயே தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மருமகள் பின்னறையில் படுத்திருக்கிறாள். ஏழு மாத வயிற்றோடு அவள் எழுந்து வந்தால் முதலில் சுவரைப் பிடிக்கும் வளையல் சத்தம்தான் கேட்கும். லாரி ஓட்டும் மகனோ வெளியூரில் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறான். நேற்றிலிருந்து அவன் போனும் வேலை செய்யவில்லை.

"அக்கா, நான்தான். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. பயந்துடாதீங்க."

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பயமே வந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. தெருவில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாய் வந்து பந்தல் போடுகிறவர். வாடிக்கையாளர் நாற்காலியை மேஜைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நீல நிறக் கோப்பு.

"சின்ன டைப் வேலைக்கா. நாலு பக்கம்தான்."

"கடை லீவு."

"உங்களுக்கு ஏதுக்கா லீவு? வீடுதானே கடை, கடைதானே வீடு."

அது உண்மைதான். டைப்பக்காவின் சொந்தப் பெயர் அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பதினேழு வயதில் தட்டச்சு படித்தவள். பேருந்து நடத்துனரான கணவன் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகனுக்கு நாலு வயது. அழுது முடித்த பதினாறாம் நாள் முன்னறையில் மேஜையைப் போட்டு, 'இங்கே தட்டச்சு செய்து தரப்படும்' என்று அட்டையில் எழுதி ஜன்னலில் கட்டினாள். வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்று, இடமாற்றக் கோரிக்கை, மாமியார் மீது புகார், மருமகள் மீது புகார் எல்லாம் அந்த மேஜையைத் தாண்டித்தான் அலுவலகங்களுக்குப் போயின. ஒரு கூச்சக்காரன் காதல் கடிதம்கூட அடிக்கக் கொடுத்தான். அவளுக்கு மனுவைத் தவிர வேறு வடிவம் தெரியாது. 'பொருள்: திருமணம் தொடர்பாக. பார்வை: சென்ற வெள்ளிக்கிழமை, பேருந்து நிறுத்தம்' என்று அடித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் சிரித்துச் சிரித்தே சம்மதித்துவிட்டாளாம்.

அவள் கையில் போன மனு திரும்பி வராது என்று பேர். காரணம் ஒன்றுதான். ஒரு கட்டத்தையும் அவள் காலியாக விட மாட்டாள். படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அலுவலகத்தில் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஏழைக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் கேட்டு நிரப்புவாள். கேட்டும் தெரியாவிட்டால் பழைய நகல்களைத் தேடி நிரப்புவாள். அடித்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் வைத்திருந்தாள். முதலில் அலமாரியில். கணினி வந்த பிறகு அத்தனையையும் அதற்குள் ஏற்றி, காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'மனுக்கள்' என்று பெயரிட்டு வைத்தாள். அந்த வட்டாரத்தில் யார் எந்த வீட்டில், எத்தனை பேரோடு இருக்கிறார்கள் என்பது அரசாங்கத்தைவிட அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு இதே செயலாளர், அப்போது மீசை அரும்பிய தொண்டர், இதே மேஜைக்கு ஒரு பட்டியலோடு வந்தார். புதுக் குடிநீர் இணைப்புக்கான கணக்கெடுப்பு என்றார். இருபத்துமூன்று குடும்பங்கள். பதினொன்றாவது வரிசையில் 'கடிகாரம் பழுது பார்ப்பவர், பின்சந்து' என்று இருந்தது. வீட்டு எண் கட்டம் காலி.

"நம்பர் இல்லையேப்பா?"

"அந்தச் சந்துல எந்தக் கதவுலயும் நம்பர் கிடையாதுக்கா. தேடிப் பாத்தாச்சு. விட்டுடுங்க."

விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. கடிகாரக்காரர் மகளைப் பள்ளியில் சேர்க்க அவளிடம்தான் விண்ணப்பம் அடித்து வாங்கியிருந்தார். அலமாரியைக் குடைந்து நகலை எடுத்தாள். மூன்றாவது வளைவு, நீலக் கதவு, எண் 17/2. கட்டம் நிரம்பியது. பக்கம் பார்க்க அழகாக இருந்தது.

அந்த இருபத்துமூன்று குடும்பங்களும் ஒரே சமூகத்து ஆட்கள், தன் சமூகம் அல்ல என்பதை அவள் கவனித்தாளா? கவனித்தாள். அதைத் தனக்குத் தானே ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்குப் பல வருடம் ஆயிற்று.

மூன்று வாரம் கழித்துக் கலவரம் வந்தது. எங்கோ ஒரு சண்டை, எங்கோ ஒரு வதந்தி. ஆனால் கும்பல் குழம்பவே இல்லை. ஒரு வீட்டை விட்டு ஒரு வீடு, நடுவிலிருப்பவனின் ஜன்னல் கண்ணாடிகூட உடையாமல், அளந்து எரித்தார்கள். கிருமி தெரிந்து ஊசி போடுவது போல. ஊரடங்கு தளர்ந்த காலையில் பால் வாங்கப் போனவள் சாக்கடை ஓரத்தில் ஒரு காகிதத்தைப் பார்த்தாள். அவளுடைய எழுத்து. அவள் விடும் ஓர இடைவெளி. பதினொன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி.

எரிந்த வீட்டிலிருந்து கடிகாரக்காரரும் மனைவியும் வெளியே வரவில்லை. மகள் மட்டும் அன்று சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். எட்டு வயது.

விதி என்று ஒன்று இருந்தால் அது இரக்கமே இல்லாதது. வளர்ந்த மகன் ஒருநாள் ஒரு பெண்ணை அழைத்துவந்து, "அம்மா, இவ அவங்க ஆளுங்கதான். உனக்கு ஓகேயா?" என்று நின்றான். இவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல முகம், பிடித்திருந்தது. பதிவுத் திருமண விண்ணப்பத்தைத் தானே அடிக்க உட்கார்ந்தாள். பெண்ணின் தகப்பனார் பெயர். கடைசியாக வசித்த முகவரி. அந்தப் பெண் தன் வாயால் சொல்லச் சொல்ல அடித்தாள். "பின்சந்து. பதினேழு பை ரெண்டு."

அந்த ஒரு கட்டத்தை முடிக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. "அம்மாவுக்கு மனசில்லை போல" என்று மகன் முகம் வாடினான். அவள் எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அன்றைக்கே விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று தெருவே மெச்சியது. ஒவ்வொரு மெச்சலும் அவளுக்குச் செருப்படி. மருமகள் "அத்தை" என்று கூப்பிடும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். "சாப்பிடும்மா" என்றுதான் வரும்.

போன மாதம், தடித்த மூக்குக்கண்ணாடியால் கண்ணாடிக்காரர் என்று பேர் வாங்கியவர் ஒரு மூட்டைக் காகிதத்தோடு வந்தார். கல்லூரி விரிவுரையாளர், இரண்டு தெரு தள்ளி மாடியறையில் தனியாகக் குடியிருக்கிறார், எட்டு வருடமாக ஒரே ஆராய்ச்சியை முடித்துக்கொண்டே இருக்கிறார். பல நாடுகளில், பல நூற்றாண்டுகளில் இனத்தின் பேராலும் மதத்தின் பேராலும் நடந்த கலவரங்களின் வரலாறு. நானூறு பக்கம். வழக்கம்போல அர்த்தம் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்து அடித்துக்கொண்டு போனவளின் விரல் ஓர் இடத்தில் நின்றது. ஊர் வேறு, மொழி வேறு, கும்பிடும் சாமி வேறு. ஆனால் ஓர் ஊரில் வாக்காளர் பட்டியல், இன்னொன்றில் வரிப் பட்டியல், வேறொன்றில் அடையாள அட்டையில் ஒரே ஒரு வரி. கும்பல் கூடும் முன்பே எவரோ ஒருவர் நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"சார், அதை அடிச்சுக் குடுத்தவங்களைப் பத்தி ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"அவங்க பேரு எங்கேயும் பதிவாகலையேம்மா. அதையும் தேட ஆரம்பிச்சா இன்னும் எட்டு வருஷம் ஆகும். என் தலையில மிச்சமிருக்கற நாலு முடியும் போயிடும்" என்று சிரித்தார் அவர். அவள் சிரிக்கவில்லை.

இப்போது செயலாளர் நீலக் கோப்பைத் திறந்து நாலு பக்கத்தையும் மேஜைமேல் பரப்பினார்.

"நிவாரணத்துக்குக்கா. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தானே உதவ முடியும்?"

நாற்பத்தொரு குடும்பங்கள். எல்லாமே அந்த ஒரே சமூகம். மூன்று கட்டங்கள் காலி. பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ், போன மாதம் வீடு மாறியவள். செருப்புக் கடைக்காரர், மகள் வீட்டுக்குப் போய்விட்டவர். கண்ணாடிக்காரர், மாடியறை. மூன்று பேரின் முகவரிகளும் அவள் கணினியில் இருந்தன.

"எங்க வீட்டைக் காணோமே?" என்றாள்.

"பாத்துட்டீங்களா?" அவர் முகம் மலர்ந்தது. "நான்தான்க்கா எடுத்தேன். பசங்க எழுதிட்டானுங்க. 'டேய், அது டைப்பக்கா வீடு, அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு'ன்னு அடிச்சுச் சொல்லி எடுத்தேன். வயித்துல புள்ள வேற இருக்கு. நீங்க இந்த மூணு கட்டத்தை மட்டும் பாத்துக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"எனக்குத் தெரியாது தம்பி."

"உங்களுக்கா தெரியாது?" அவர் குரலைத் தாழ்த்தினார். பின்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "பின்சந்து நம்பரே யாருக்கும் தெரியாதப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதே. அது யாருக்குத் தெரியணும், யாருக்குத் தெரியக் கூடாதுன்னு நமக்குள்ள ஒரு இது இருக்கில்லக்கா?"

மூன்று கட்டம். மூன்று வரி அடித்தால் போதும். மருமகளும் பிழைப்பாள், வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கும், அத்தை என்ற சொல்லும் பிழைக்கும். யாரைக் கொடுத்து யாரை வாங்குவது?

அவள் கணினியை முடுக்கினாள். திரை அவள் பக்கம் இருந்தது.

"அப்படி வாங்க வழிக்கு" என்று செயலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். "டீ இருந்தா ஒரு வாய் குடுங்க, அவசரமில்ல."

'மனுக்கள்' என்ற கோப்புறையைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கவா என்று கணினி கேட்டது. நிரந்தரமாகவா என்று மறுபடி கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றாள். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. யாரோ ஒருத்தியின் விதவை உதவித்தொகை, யாரோ ஒரு குழந்தையின் பிறப்புச் சான்று, பேருந்து நிறுத்தத்துக் காதல் கடிதம். ஒன்றொன்றாய்ப் போயின.

"கிடைச்சுதாக்கா?"

"இருப்பா. பழசு. நேரமாகும்."

கோடு வலது ஓரத்தைத் தொடும்வரை பொறுத்திருந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"என்னக்கா இது? காலியா இருக்கு."

"ஆமா. காலியாத்தான் இருக்கும் இனிமே."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நாலாம் பக்கத்தின் அடியில், நாற்பத்தொன்றுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். நிதானமாக எழுதினார். டைப்பக்காவின் வீட்டு எண் அவருக்கு யாரையும் கேட்காமலே தெரியும்.

"கர்ப்பிணின்னு பாக்கமாட்டானுங்கக்கா. நான் சொல்லிப் பாத்தேன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டார். பிறகு, யாருக்கோ நல்ல செய்தி சொல்வது போல உரக்கச் சொன்னார். "மருமகளே, தூங்கறியாம்மா? உங்கப்பா வீட்டு நம்பரை அன்னிக்கு டைப் அடிச்சுக் குடுத்தது உங்க அத்தைதாம்மா. என்கிட்ட நம்பர் இல்ல. இவங்கதான் தேடி எடுத்துப் போட்டாங்க. கேட்டுக்கோ."

உள்ளே வளையல் சுவரில் உரசியது.

மருமகள் பின்னறை நிலைப்படியில் வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில். முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை; எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டைப்பக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பதினேழு பை ரெண்டு" என்றாள் மருமகள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "மூணு வளைவு தாண்டி நேரா எங்க கதவுக்கு எப்படி வந்தாங்கன்னு எங்க சித்தி சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க. வழி தெரிஞ்ச யாரோ காட்டிக் குடுத்துட்டாங்கன்னு பால்காரரைச் சந்தேகப்பட்டாங்க. பாவம், அந்தாளு கூட கடைசி வரைக்கும் பேசல."

"நான்தாம்மா" என்றாள் டைப்பக்கா. பதினெட்டு வருடமாகத் தொண்டையில் நின்ற சொல் வெளியே வந்தபோது மூச்சு அளவுக்குத்தான் இருந்தது. "கட்டம் காலியா இருந்துச்சு. நான்தான் போட்டேன்."

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. எதைக் கேட்பது?

செயலாளர் வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வார் அறுந்த செருப்பைக் குனிந்து சரிசெய்தார். தெருமுனையில் மூன்று பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நீலக் கோப்பை உயர்த்தி அவர்களுக்குக் காட்டினார்.

மருமகள் மேஜையைத் தாண்டி, டைப்பக்காவைத் தாண்டி, வாசலை நோக்கி நடந்தாள். டைப்பக்கா கையை நீட்டினாள். சேலை நுனிகூட அகப்படவில்லை. போகிறவளை எந்த முகத்தோடு நிறுத்துவது? போனால் எங்கே போவாள், அந்தத் தெருமுனையைத் தாண்டி?

வாசலில் மருமகள் ஒரு கணம் நின்றாள். வெயிலைப் பார்த்தாள். செயலாளர் திரும்பி, "வரேம்மா" என்றார்.

அவள் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளுக்குக் குனிய வயிறு இடம் கொடுக்கவில்லை.

"வந்து போடுங்க" என்றாள்.

அத்தை என்று சேர்க்கவில்லை. டைப்பக்கா தரையில் மண்டியிட்டு நகர்ந்து போய்க் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.