கலங்கலுக்குக் கீழே முப்பதடி ரோடு

1. அண்ணன் இடத்தில்

பட்டாபிராம் பக்கத்தில் ஒரு ஏரிக்கு என் அண்ணன் ஆரோக்கியம் லஸ்கராக இருந்தான். மதகு ஷட்டரைத் திறந்து மூட வேண்டும், கரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும், தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைக்க வேண்டும். அதுதான் லஸ்கர் வேலை. மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டான். வயது இருபத்தாறு. அடக்கம் முடிந்த மூன்றாவது வாரம் அவன் இடத்தில் தங்கச்சி என்னைத் தற்காலிகமாகப் போட்டார்கள். எனக்குப் பத்தொன்பது. எட்டாவது பெயில்.

வேலை என்றால் சைக்கிளில் கரைமேல் போய்வருவதுதான் என்று நினைத்திருந்தேன். நான் சேர்ந்த வாரமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அண்ணனின் ரெயின்கோட் எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அழுதால் யாருக்கும் தெரியாது, முகமெல்லாம் மழைதான். அது ஒரு வசதி.

2. கரை சேறு கக்கிய நாள்

மண் கரையில் கசிவு வரும். தெளிந்த தண்ணீராக வந்தால் பயம் இல்லை. கலங்கலாக வந்தால் உள்ளேயிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அன்று காலை கரையின் கீழ்ச்சரிவில் டீ நிறத்தில் ஊற்று வந்துகொண்டிருந்தது. மதகை முழுசாகத் திறந்துவிட்டேன். மட்டம் இறங்கவில்லை.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போகத் தாழ்வாக ஒரு கல்கட்டு இருக்கும். அதைத்தான் கலங்கல் என்கிறோம். அங்கே ஓடினேன். கலங்கலுக்குக் கீழே ஓடை இருக்க வேண்டிய இடத்தில் மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் அதில் முட்டி, தேங்கி, கலங்கலையே மூழ்கடித்துக்கொண்டிருந்தது.

மூட்டைக்கு அந்தப் பக்கம் புது காலனி. நாலு வருஷம் மழை இல்லாமல் ஓடை காய்ந்து கிடந்தபோது பிளாட் போட்டு விற்றவர்கள் ஓடையையே ரோடு என்று காட்டிவிட்டார்கள். வாங்கியவர்களும் நம்பி, "முதல் மெயின் ரோடு" என்று போர்டு வைத்து, தெரு முனையில் நுழைவு வளைவும் கட்டிவிட்டார்கள்.

காலனிச் செயலாளர் டிபென்ஸ் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். திருநெல்வேலிக்காரர். கழுத்தில் விசில்.

"சார், கரை சேறா கக்குது. மூட்டைய எடுங்க சார்" என்றேன்.

"எடுத்தா தண்ணி எங்க போவும்மா?"

"தெருவுல போவும். முட்டிக்கால் அளவுதான். உங்க ஊடெல்லாம் மேடா கீது, உள்ள வராது. கரை போச்சுன்னா ஊடே நிக்காது சார்."

"இது ரோடும்மா. பிளான்லயே முப்பதடி ரோடுன்னு போட்டிருக்கான்." குடைக்குள் வைத்து லேஅவுட் பிளானை விரித்துக் காட்டினார்.

"அப்ப தண்ணிகிட்ட அந்த பிளான காட்டுங்க சார்."

பக்கத்தில் நின்ற காலனி ஆட்டோக்காரர் மணி அண்ணன் சிரித்துவிட்டார். செயலாளர் அவரைப் பார்த்து விசில் ஊதினார். எதற்கு ஊதினார் என்று இன்றுவரை தெரியவில்லை.

3. விரால்

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று நானே மூட்டைகள்மேல் ஏறி மேல் மூட்டையைப் பிடித்து இழுத்தேன். சறுக்கி மூட்டையோடு சேர்ந்து கலங்கல் பக்கத் தேக்கத்துக்குள் விழுந்தேன். எழுந்தபோது ரெயின்கோட்டுக்குள் ஏதோ துள்ளியது. கையை விட்டால், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். கலங்கல் வழிந்தால் ஏரி மீன் கீழே இறங்கும். மூட்டைக்குப் பின்னால் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. விரால் என் தாடையில் ஓர் அறை விட்டுப் பாய்ந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. அடக்கவே முடியவில்லை.

செயலாளரின் மனைவி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கொசுவலையோடு இறங்கி வந்தார்.

"ஏங்க, மீனெல்லாம் அந்தப் பக்கம் நிக்கி. நீங்க என்னத்த பாத்துக்கிட்டு நிக்கீங்க? மூட்டைய எடுங்க."

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்டி."

"வந்தா மீனும் வரும்லா."

"யம்மா சொன்னா கரீட்டு" என்று மணி அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். அவ்வளவுதான். பக்கெட், புடவை, மாவு சல்லடை, தொட்டில் துணி என்று காலனியே இறங்கிவிட்டது. கால் மணி நேரத்தில் ஒரு மூட்டை இல்லை. முதல் மெயின் ரோட்டில் தண்ணீர் வளைவுக்குக் கீழே நுரைத்துக்கொண்டு ஓடியது. கெளுத்தி முள் குத்தி ஒருவர் ஒற்றைக் காலில் ஆடினார். செயலாளர் விசிலை வாயில் வைத்தபடியே ஜிலேபிக் கெண்டையைத் துரத்தியதால் மூச்சு விடும்போதெல்லாம் விசில் அடித்தது.

மத்தியானம் எங்கள் ஏ.இ., அதாவது அசிஸ்டெண்ட் இன்ஜினியர், ஜீப்பில் வந்தார். சேறு பூசி நின்ற என்னைப் பார்த்து, "என்னம்மா இது, கல்யாண வீடா?" என்றார்.

"சாவு ஊடு சார்" என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் கசிவைப் பார்க்கக் கரைப்பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

மூன்று மணிக்குள் மட்டம் ஒரு ஜாண் இறங்கியது. கசிவு தெளிந்தது. கரை நின்றது. ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை. அடுத்த கோடையில் காலனிக்காரர்களே ஓடையில் இருந்த பிளாட் கற்களைப் பிடுங்கினார்கள். மீன் வரும் வழியாம். கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது அப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

லஸ்கர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏரி உடையும் என்று பயமுறுத்தினால் ஜனங்கள் இன்னும் பத்து மூட்டை அடுக்குவார்கள். ஏரி என்ன கொடுக்கிறது என்று கண்ணில் காட்டுங்கள், அவர்களே வழி விடுவார்கள். இன்னொன்று. துக்கத்தோடு வருகிறவர்களுக்கு வேலைக்கு நடுவே சிரிப்பு வந்துவிடும். வந்தால் சிரியுங்கள். கையில் இருக்கும் மூட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.