ஒன்றேமுக்கால் கிலோ

தொண்ணூற்றேழில் எலியேசர் வாத்தியாருக்கு முப்பத்தைந்து வயது. ஒல்லிக்குச்சி உடம்பு. சர்க்கரை நோய் என்றதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிறக்கும்போது எடை எவ்வளவு?" என்றார் டாக்டர். எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பின்னாளில் இது வர வாய்ப்பு கூடுதலாம்.

பாளையங்கோட்டை பஸ்ஸில் இடமிருந்தும் உட்காராமல் நின்றபடியே வீடு வந்து, அம்மாவிடம் கேட்டார்.

"ஒன்னேமுக்கா கிலோலே," என்றாள் அவள் பெருமையாக. "ஏழாம் மாசத்துலேருந்து வயித்தக் கட்டினேன். பிள்ள சிறுசா இருந்தாத்தான் பெறுதது லேசு."

கத்த வாயெடுத்தவர் அடுப்படியைப் பார்த்தார். எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி ரீபா, அதற்குள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுட்டியா?"

"அத்த இம்புட்டுதான் போட்டாங்க," என்று உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள்.