எழுத்து மங்கிய பௌர்ணமி

1997 ஐப்பசி. என் மனைவி செல்விக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே எட்டாம் மாதத்தில்தான் எங்கள் முதல் குழந்தையை வயிற்றிலேயே இழந்தோம். ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு இருந்தேன்.

“பிரஷர் ஜாஸ்தியா இருக்கும்மா. நல்லா தூங்கணும். தலைவலி, கண் மங்கல்னு எது வந்தாலும் உடனே வந்துடுங்க” என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். தூக்கம்தான் வரவில்லை. படுத்தே கிடந்தவளுக்குப் படிப்பு ஒன்றுதான் துணை. தையல் கடையை மூடிவிட்டு வரும்போது மாத நாவல்கள் வாங்கிவருவேன். எல்லாம் கொலை, பேய், காணாமல் போன பிணம். அதைப் படித்துவிட்டுப் படுப்பாள். சற்று நேரத்தில் வியர்த்து எழுந்து உட்காருவாள்.

“குழந்த அசையலைங்க. கை வச்சுப் பாருங்க.”

வைப்பேன். அசைவு தெரியும்வரை கையை எடுக்க மாட்டேன்.

ஒரு நாள் அண்ணாமலையார் சன்னதியில் போய் நின்றேன். “அப்பா, ரெண்டு உயிரையும் காப்பாத்து. என்னால ஒண்ணும் முடியல” என்று மட்டும்தான் சொல்ல வந்தது. வெளியே ஒரு கடையில் சிவனடியார்களின் கதைகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட சின்னப் புத்தகம் கண்ணில் பட்டது. வாங்கிவந்தேன்.

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சாமி கதை வேணாங்க. போன தடவ வேண்டாத சாமியா? என்ன கெடச்சுது?”

புத்தகத்தைப் பிரித்தேன். “ஒரே ஒரு பக்கம். நான் படிக்கிறேன், நீ சும்மா கேளு” என்றேன்.

அந்தக் கதைகளில் வந்தவர்களும் பயந்தவர்கள்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்கூட இருந்தார்கள். சில நாள் கழித்து, நான் புத்தகத்தை மூடியதும், “அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். திருநீறு இட்டுக்கொண்டு படுத்தாள். விடியும்வரை இல்லாவிட்டாலும் கொஞ்சம் தூங்கினாள்.

பௌர்ணமி வந்தது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வெளியே ஒரே ஜனம். நாங்கள் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தோம். அவள் முறை. இரண்டு வரி படித்தாள். நின்றாள். படித்த வரியையே மறுபடி படித்தாள்.

“என்னா செல்வி?”

“எழுத்து மங்கலா, ரெண்டு ரெண்டா தெரியுதுங்க.”

“தலை வலிக்குதா?”

அழுதுவிட்டாள். “காலையிலேர்ந்து வலிக்குது. சொன்னா ஆஸ்பத்திரின்னு சொல்லுவீங்க. அங்கதானே போன தடவ...”

வாசலுக்கு ஓடினேன். பாதையில் ஆட்டோ எதையும் விடவில்லை. வாசலில் பொரி விற்றுக்கொண்டிருந்தவர் விஷயத்தைக் கேட்டதும் மூட்டைகளை இறக்கி, தள்ளுவண்டியைக் கொடுத்தார். அவளைப் படுக்கவைத்துத் தள்ளினேன். கூட்டம் நகரவில்லை. “அண்ணாமலையாரே!” என்று கத்தினேன். முன்னால் போன ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

“புள்ளத்தாச்சி வர்றாங்க, வழி விடுங்க!”

அந்தக் குரல் வாய்க்கு வாய் முன்னே போனது. “அரோகரா” என்று சொல்லிக்கொண்டே ஜனம் இரண்டாகப் பிரிந்தது. யார் யாரோ வந்து வண்டியைத் தள்ளினார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பாதை ஊருக்குள் திரும்பும் இடத்தில் போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

உடனே ஆபரேஷன். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். ரெண்டு பேருமே கஷ்டம்தான்” என்றார் டாக்டரம்மா. பெண் குழந்தை. உள்ளங்கை அகலம்தான் முதுகு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அங்கேயும் செல்வி வெளியில் உட்கார்ந்து குழந்தைக்குக் கேட்கும்படி படித்தாள்.

இப்போது மகளுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குப் பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் உடம்பு லேசாகச் சுட்டாலும் பதறுகிறேன். ஆனால் பயத்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

அன்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது பயந்தபடி படுக்கிறார்களா? பக்கத்தில் போய் உட்காருங்கள். அண்ணாமலையார் பெயர் இருக்கும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நம்பிக்கை வராவிட்டாலும் படியுங்கள். எங்களுக்கும் படிக்கப் படிக்கத்தான் வந்தது.