புல்லு வெட்டுறவன் மனேச்சரான ஆறு கிழமை

1. திறப்பு வைத்திருந்தவன்

“மைதானத்துத் திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு அண்ணை. அப்ப ரீமையும் நீங்களே பாருங்கோவன்.”

கழகத் தலைவர் போனில் சொன்னது இவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். பங்குனி மாதம். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்; மைதானத்துக் கேற்றுச் சாவி இன்னும் இடுப்பில்தான் தொங்கியது.

எங்கள் உதைபந்தாட்ட ரீமுக்கு அதுவரை மனேச்சராக இருந்தவர் படித்த மனிதர். கோச்சிங் சேர்ட்டிபிகேற் எல்லாம் வைத்திருந்தவர். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்து பெடியளை ஓடவிட்டவர், வியாழக்கிழமை ரொறன்ரோவில் இறங்கிவிட்டார். கனடா விசா சரிவந்ததை ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. சீசன் முடிய ஆறு கிழமையும் நாலு மட்சும் இருந்தது. லீக்கில் கடைசிக்கு ஒரு படி மேலே நின்றோம். டிவிஷனை விட்டு இறங்கினால் கழகத்தையே கலைத்துவிடுவது என்று கமிற்றி ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. கலைந்தால் ஞாயிறு காலமைகளில் லண்டன் மோர்டனில் கூடுகிற அவ்வளவு சனமும் பிறகு எங்கே போய்க் கூடும்? இதுதான் என் கையில் தரப்பட்டது.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து கவுன்சிலில் பார்க் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் கையில் தும்புத்தடியைத் தந்தார்கள், இலை கூட்ட. நாலு வருசத்தில் மூன்று பிட்சின் புல்லுக்கும் கோட்டுக்கும் பொறுப்பான கிரவுண்ட்ஸ்மன் ஆனேன்; எங்கள் கழகம் விளையாடுகிற மைதானமும் அதில் ஒன்று. நான் அடித்த வெள்ளைக் கோட்டை நூல் பிடித்துப் பார்த்தாலும் பிழை பிடிக்க ஏலாது. மற்றப் பார்க்குகளிலிருந்து வெள்ளைக்காரக் கிரவுண்ட்ஸ்மன்மார் வந்து, “கோல் வாயில எப்பிடியப்பா புல்லு நிக்குது?” என்று என்னைக் கேட்டுப் போயிருக்கிறார்கள். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. உண்மை.

2. நாற்பத்திரண்டாவது கையெழுத்து

ரசிகர்களுக்கு என் நியமனம் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது மரியாதையான சொல்.

ரூட்டிங்கில் நாங்கள் மரக்கறி வாங்குகிற கடையில், கோயில் நோட்டீசுகளுக்குப் பக்கத்தில் ஒரு தாளைக் குத்தியிருந்தார்கள். ‘தற்காலிக மனேச்சரை உடனடியாக மாற்றுக’ என்று தலைப்பு. கீழே கையெழுத்துகள். எழுதியவர் சின்னராசா. பெற்றோல் ஸ்ரேசனில் வேலை, சொந்தமாக ஒரு வான், தொண்டை மட்டும் ஒரு லவுட்ஸ்பீக்கர். மழையோ பனியோ, ஒரு மட்ச் தவறவிட்டதில்லை. கடையில் நான் நிற்பதைக் காணாமல் ஆருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்:

“புல்லு வெட்டுறவன் எல்லாம் மனேச்சர் எண்டால், கோர்னர் கொடி நடுறவனைக் கப்ரின் ஆக்குங்கோ!”

“அதையும் நான்தான் நடுறன் சின்னராசா” என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“அண்ணை, உங்களில கோவமில்லை. உங்களுக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்? சொல்லுங்கோ பாப்பம்.”

“பந்து எங்க நிக்கும், எங்க ஓடும் எண்டு தெரியும்.”

“அது புல்லுக்குத் தெரியிற விசயம்.”

நான் பேனை வாங்கி அந்தத் தாளில் என் கையெழுத்தையும் போட்டேன். நாற்பத்திரண்டாவது. “நாலு மட்சும் முடிய மாத்துங்கோ. எனக்கும் சம்மதம்” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயோடு வெளியே வந்தேன். ஆறாம் வகுப்பு என்றாலும் என் கையெழுத்து நல்ல வடிவு. அந்தத் தாளில் அதுதான் திறமானது.

அடுத்த நாள் என் போர்மன் பிரையனிடம் நானே போய் விசயத்தைச் சொன்னேன். எங்கள் வேலையில் மழை நாட்களில் கிரவுண்ட்ஸ்மன்தான் காலமை எட்டு மணிக்குள் பிட்சை நடந்து பார்த்து, மட்ச் நடக்குமா நடக்காதா என்று சொல்லவேண்டும். அந்தப் பிட்சில் விளையாடுகிற ரீமுக்கே நான் மனேச்சர் என்றால் வம்பு வரும். பிரையன் தேத்தண்ணிக் கப்பைக் கீழே வைக்காமல் சொன்னார்:

“ஒருத்தன் முறைப்பாடு சொன்னாலும் திறப்பை என்ர மேசையில வை. திரும்பத் தும்புத்தடிதான்.”

“முறைப்பாடு வராது” என்றேன்.

3. மூன்று மட்ச்

இதைச் சுருக்கிச் சொல்கிறேன். முதல் வேலையாக, பாதி நேரத்தில் முப்பது ரசிகர்கள் பெடியளைச் சுற்றி நின்று முப்பது விதமாகப் புத்தி சொல்லுகிற வழக்கத்தை நிறுத்தினேன். பிட்சுக்கு வெளியே இன்னொரு வெள்ளைக் கோடு அடித்து, “இதுக்கு அங்கால நிண்டு கத்துங்கோ” என்றேன். சின்னராசா அந்தக் கோட்டில் சப்பாத்து நுனியை வைத்துக்கொண்டு நின்று கத்தினார். இரண்டாவது, ஈர நிலத்தில் அடியில் கட்டைக் குமிழ் வைத்த சப்பாத்தோடு வந்த பெடியளை நீளக் குமிழ் வைத்த சப்பாத்து வாங்க வைத்தேன். அவ்வளவுதான் என் கோச்சிங்.

ஒன்று தோற்றோம். ஒன்று வென்றோம். ஒன்று சமன். கடைசி மட்ச் ஒரு பப் ரீமோடு. சமன் செய்து ஒரு புள்ளி எடுத்தால் டிவிஷனில் நிற்போம். தோற்றால் கழகம் இல்லை.

4. மழை ஞாயிறு

வெள்ளியும் சனியும் மழை விடவில்லை. ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் கேற்றைத் திறந்தேன். நடுவில் இரண்டு குளம், ஒரு கோல் வாயில் சேறு. தோட்டம் கொத்துகிற நாலு முள்ளுப் போர்க்கை எடுத்தேன். இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன், தண்ணீர் நிற்கிற இடத்தில் ரோலர் போடக்கூடாது. போர்க்கை ஆழக் குத்தி மெல்ல அசைத்து எடுத்தால், தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். பிறகு மணல். ஒன்றரை மணித்தியாலம் குத்தினேன். பிறகு பந்தை நெஞ்சு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். எழும்பியது. வலது பக்கக் கோலுக்கு முன்னால் ஒரு மூலையில் மட்டும் அடியில் களிமண், எழும்பவில்லை. அந்த ஒரு மூலைக்காக மட்சை நிறுத்த ஏலாது. வேறு எந்த ரீம் என்றாலும் ‘நடக்கும்’ என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு பக்கத்துக்கும் போன் எடுத்து நடக்கும் என்றேன்.

எங்கள் பெடியளுக்கு எடுத்தபோதுதான் விசயம் தெரிந்தது. ஐந்து வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

ஒன்பது மணிக்குச் சின்னராசா பட்டுவேட்டியோடு வானில் வந்து இறங்கினார். நான் மணல் போட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னண்ணை செய்யிறியள்?”

“பிட்ச் சரி. பதினொரு மணிக்கு மட்ச்.”

அவருடைய முகம் வெளுத்தது. “விளையாடாதேங்கோ. மட்ச் ஓஃப் எண்டெல்லோ பெடியளுக்குச் சொன்னனான்!”

“ஆர் உம்மைச் சொல்லச் சொன்னது?”

“இவ்வளவு மழை பெய்யுது, திறப்பு எங்கட ஆளின்ர கையில. பிறகென்ன, ஓஃப்தானே? நேசன் மாப்பிள்ளைத் தோழன். லண்டனுக்கு அந்தப் பக்கம், கிங்ஸ்பரியில கலியாணம். மற்ற நாலு பேரும் அங்கதான் போட்டினம்.”

நேசன் எங்கள் ஸ்ரைக்கர். சீசனில் நாங்கள் போட்ட கோல்களில் பாதி அவனுடையது.

சின்னராசா கிட்ட வந்து குரலைத் தணித்தார். அவர் குரலைத் தணித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. “அண்ணை, இன்னும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. இன்னொருக்கா போன் எடுத்து ஏலாது எண்டு சொல்லுங்கோ. அடுத்த கிழமை முழு ரீமோட விளையாடுவம். கழகம் தப்பும். ஒரு சொல்லுத்தானே?”

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. என் கழகமும்தானே. ஆனால் பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்து அவருக்கு முன்னால் நிலத்தில் போட்டேன். எழும்பியது. இரண்டாம் தரம் போட்டேன். எழும்பியது.

“இது எழும்புது சின்னராசா. எழும்பேல்லை எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?”

“நீங்கள் ஒரு மனேச்சரோ! கழகத்தைக் கொல்லுறியள்!” என்று கத்திவிட்டு வானில் ஏறினார். கதவை அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு கண்ணாடியை இறக்கினார். “தாலி கட்ட முந்தித் தோழனை எழுப்பேலாது. கட்டின உடன கொண்டுவாறன். அதுவரைக்கும் தாக்குப்பிடியுங்கோ.”

5. எட்டுப் பேர்

என்னிடம் எட்டுப் பேர் இருந்தார்கள். சட்டப்படி ஏழு பேர் போதும் விளையாட.

மட்சுக்கு முன்னால் இரண்டு கப்ரினையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பிட்சைக் காட்டினேன். எனக்கு அது கடமை. “இந்த மூலையில பந்து உருளாது. இங்க பின்னுக்குப் பந்து குடுக்கிறதெண்டால் யோசிச்சுக் குடுங்கோ” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் கவுன்சில் ஜாக்கெற்றைப் பார்த்த பப் ரீம் கப்ரின், யாரோ வேலையாள் அலட்டுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் கப்ரின் ரவி நின்று கேட்டான். நாணயம் எங்களுக்கு விழுந்தது. முதல் பாதி அந்தச் சேற்றுக் கோலை நாங்கள் காப்பது என்று எடுத்தோம். அவர்கள் அடித்த பந்தெல்லாம் வந்து வந்து களிமண்ணில் நின்றது. எட்டுப் பேரும் உதைத்து உதைத்து வெளியே அனுப்பினார்கள். பாதி நேரம், பூச்சியம் பூச்சியம்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. எங்கள் கோல் காய்ந்த பக்கம். பத்து நிமிசத்தில் ஒரு கோல் வாங்கினோம். கோட்டுக்கு அங்கால் நின்ற சனம் முதல் என்னை ஏசியது, பிறகு ஏசுவதையும் விட்டுவிட்டது. ஏசாமல் நிற்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னும் இருபது நிமிசம் இருக்கையில் வான் கோர்ன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தார் சின்னராசா. கதவு திறந்தது. இரண்டு பெடியள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். மூன்றாவது நேசன், தலையில் தோழன் தலைப்பாகை.

“மற்ற ரெண்டு பேரும் எங்க?” என்றேன்.

“சாப்பாட்டுப் பந்தியில இருந்திட்டினம். எழும்பமாட்டினமாம்!”

வானுக்குப் பின்னால் உடுப்பு மாற்றி ஓடிவந்த நேசனை விசில் ஊதுகிற றெவ்ரி மறித்தார். “நெற்றியில இரத்தம். விளையாட விடமாட்டன்.”

“இரத்தமில்லை சேர், குங்குமம்” என்று ரவி சொல்ல, சின்னராசா தன் பட்டுச் சால்வையாலேயே துடைத்துவிட்டார். முதல் தரமாகக் கோட்டைத் தாண்டினார். நான் மறிக்கவில்லை.

மட்ச் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில், பப் ரீம் கப்ரின் பந்தை எடுத்து ஆறுதலாகத் தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்டார். நான் காலமை காட்டின அதே மூலை. பந்து மூன்று யார் தூரம் உருண்டது, களிமண்ணில் ஒட்டி நின்றது. கோல்கீப்பர் அது வரும் என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். நேசன் நிற்கவில்லை. ரவி அவனுக்குச் சொல்லியிருந்தான். ஒரு தட்டு. கோல். ஒன்றுக்கு ஒன்று.

விசில் ஊதியபோது சனம் பிட்சுக்குள் ஓடிவந்தது. என் புல்லை மிதிக்காதீர்கள் என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை.

பப் ரீம் மனேச்சர் சிவந்த முகத்தோடு வந்தார். “கிரவுண்ட்ஸ்மனும் நீ, மனேச்சரும் நீயா? இதை லீக்குக்கு எழுதுவன்.” எனக்குத் தும்புத்தடி கண்ணில் தெரிந்தது. அவருடைய கப்ரின்தான் தோளில் கை வைத்து நிறுத்தினார். “விடு. அந்த மூலையை எனக்குக் காட்டினவர். நான்தான் கேக்கேல்லை.” இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவருக்கு ஒரு மட்டன் றோல் கொடுத்தேன். இரண்டு தின்றார்.

6. கேற்றடியில்

அடுத்த கிழமை கடையில் அந்தத் தாளைக் காணவில்லை. யார் கழற்றியது என்று நான் கேட்கவில்லை. தற்காலிகம் என்று ஆறு கிழமைக்குப் போட்ட ஆளை ஒன்பது வருசம் வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது வருசமும் நாங்கள் டிவிஷனை விட்டு இறங்கவில்லை. இன்னொருவர் என்றால் இதை எழுதக் கூச்சப்படுவார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் கையில் ஒரு திறப்பு வந்ததும், உங்களோடு இருக்கிறவர்கள் அதைத் தங்களுடையது என்று நினைப்பார்கள். பகையால் இல்லை, பாசத்தால். அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். பந்தை அவர்களுக்கு முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்த சீசனில் முதல் மழை ஞாயிறு. ஆறு மணிக்குக் கேற்றடிக்குப் போனேன். சின்னராசாவின் வான் எனக்கு முந்தி அங்கே நின்றது. இன்றைக்கு மட்ச் ஓஃபா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கிப் பின் கதவைத் திறந்தார். உள்ளே ஏழு ரசிகர்கள் குளிரில் ஒடுங்கிக்கொண்டு இருந்தார்கள். ஆளுக்கொரு தோட்டத்துப் போர்க்.

“எங்கயண்ணை குத்துறது?” என்றார்.