மாலையைக் கழற்றிய பின்னும் சாமி

என் வீட்டுக்காரர் ஒரே நாளில் சிகரெட்டை விட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். "விடணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? உடம்பு கேக்குதே, நான் என்ன செய்ய?" என்பார். எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை முதல் தேதி அவர் சபரிமலைக்கு மாலை போட்டார். அதற்குப் பிறகு அந்த உடம்பு எதுவுமே கேட்கவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். மாலை போட்டவரோடு சண்டை போடக் கூடாதே என்று அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்போது செல்லூரில் குடியிருந்தோம். முன்பக்கம் அவருடைய விசைத்தறிக் கொட்டகை. பின்பக்கம் ஒற்றை அறையில் நானும் அவரும், இரண்டு வயதுப் பையனும். தறி ஓடினால் பஞ்சு பறந்துவந்து எல்லாவற்றின் மேலும் படியும். சோற்றுப் பானையின் மூடியைத் துடைக்காமல் திறக்க முடியாது. அதனால் பையனுக்கு இழுப்பு வந்தபோது தெருவே பஞ்சைத்தான் கை காட்டியது. டாக்டரும் அதையே சொன்னார். நானும் நம்பி, நடுக்கதவில் ஈரச்சேலையைக் கட்டித் தொங்கவிட்டேன். படுக்க வைத்தால் பையனுக்கு மூச்சு திணறும். அவனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தேன்.

நூல் பற்றிக்கொள்ளும் என்று கொட்டகைக்குள் யாரையும் தீக்குச்சி கிழிக்க விடமாட்டார் அவர். தானும் அங்கே பிடிக்க மாட்டார். எங்கள் அறைக்கு வந்து, பாயில் காலை நீட்டிக்கொண்டு, நிம்மதியாகப் பற்றவைப்பார். நூலுக்குக் கொடுத்த மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை மனிதர். அது அன்றைக்கு எனக்கும் உறைக்கவில்லை.

மாலை போட்டதும் தெருவுக்கே அவர் சாமியாகிவிட்டார். "சாமி, சாப்பிட வாங்க" என்று நானும் கூப்பிட்டேன். எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர் ஒருபடி மேல். இவர் அந்தப் பக்கம் போனாலே சிகரெட் டப்பாவை உள்ளே தள்ளிவிட்டு, "சாமிக்கு இது ஆகாது" என்று கற்கண்டை நீட்டுவார். பையனுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு அவனும் அப்பாவைச் "சாமி" என்றே கூப்பிட்டான்.

கார்த்திகை முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம் கிணற்றடியிலிருந்து வந்தேன். பையன் பாயில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் அந்தக் கரகர சத்தம் இல்லை. குனிந்து மூக்கில் விரலை வைத்தேன். மூச்சு வந்தது. சத்தமே இல்லாமல், எல்லாப் பிள்ளைகளையும் போலத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முன்பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சும் எப்போதும் போலப் பறந்துகொண்டிருந்தது. வீட்டில் நின்றுபோனது சிகரெட் ஒன்றுதான்.

அவரிடம் சொன்னபோது, "எல்லாம் சாமி செயல்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மலையிலிருந்து திரும்பி ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தார். விளக்கின் முன்னால் மாலையைக் கழற்றினார். டீ குடித்தார். நேரே எதிர்க்கடைக்குப் போனார். "இந்தாங்க தம்பி, எம்புட்டு நாளாச்சு!" என்று கடைக்காரரே சிகரெட்டை எடுத்து நீட்டினார். கடையில் தொங்கிய கயிற்றின் நுனியில் இருந்த கங்கில் பற்றவைத்துக்கொண்டு, புகை விட்டபடியே எங்கள் அறைக்குள் வந்தார் என் சாமி.

அந்த வாரமே பையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. மடியில் போட்டு முதுகை நீவிக்கொண்டிருந்தேன். கையில் சிகரெட்டோடு வந்து எட்டிப் பார்த்தவர், "பஞ்சு ஜாஸ்தியாயிருச்சு" என்றார்.

"மாலை போட்டிருந்தப்ப மட்டும் பஞ்சு பறக்கலையா?" கத்திவிட்டேன். "நீங்க விட்டீங்க, இவனுக்கும் விட்டுச்சு. நீங்க பிடிச்சீங்க, இவனையும் பிடிச்சுருச்சு. சாமிக்காக விட முடிஞ்சதுல்ல? பெத்த பிள்ளைக்காக முடியாதா?"

பையன் அவரைப் பார்த்துக் கையை நீட்டினான். விலா ஒட்டி ஒட்டி எழுந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில், "சாமி" என்றான்.

அவர் முகத்தில் அப்படியொரு பீதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சிகரெட்டை வாசலில் நசுக்கிவிட்டுக் கடைக்குப் போனார். கடைக்காரரின் கை வழக்கம்போல டப்பாவுக்குப் போயிற்று.

"வேணாம்ணே. இனிமே என்னைச் சாமின்னே கூப்பிடுங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

கடைக்காரர் திகைத்துப்போனார். "மாலையத்தான் கழட்டியாச்சே, தம்பி?"

"தெரியாமக் கழட்டிட்டேன்."

இந்தத் தடவை அது சுலபமாக இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். சாப்பிட்டு முடித்ததும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். அதில் கிராம்பும் கற்கண்டும் போட்டு வைத்தேன். டீயோடு புகை ஞாபகம் வருகிறது என்று கொஞ்ச காலம் டீயை விட்டுச் சுக்குக் காப்பிக்கு மாறினார். விரதத்தில் பழகிய காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியலை விடவில்லை. ஆசை முற்றினால் வைகைக் கரை வரை விறுவிறுவென்று நடந்துவிட்டு வருவார். திரும்புவதற்குள் அது அடங்கியிருக்கும். ஒரு கல்யாண வீட்டில் சிநேகிதர்களோடு நின்று ஒன்று பிடித்துவிட்டு, வந்து அழாத குறையாகச் சொன்னார். "ஒண்ணோட போகட்டும், குளிச்சிட்டு வாங்க சாமி" என்றேன். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. கடைக்காரரும் கடைசிவரை அவரைச் சாமி என்றேதான் கூப்பிட்டார்.

பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், சும்மா சீண்டுவதற்காக, "அம்புட்டுத்தானா?" என்று மறுபடி கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அம்புட்டுத்தான்" என்றார். "இவன் பிறந்தப்பவே விட்டிருக்கலாம்ல?"

பையன் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. நான் குனிந்து அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.